ஏர்பேக் விளக்கு எரிந்தால் மாட்யூல்தான் பழுதா?

டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிகிறது. ஸ்கேனரை மாட்டினால் ஏர்பேக் கண்ட்ரோல் மாட்யூலின் பெயருக்குக் கீழே ஒரு எரர் கோட் வந்து நிற்கிறது. அதைப் பார்த்த கையோடு ‘மாட்யூல் போயிடுச்சு, மாத்தணும்’ என்று தீர்ப்புச் சொல்லிவிடுவது பல ஒர்க் ஷாப்புகளில் வழக்கமாகிவிட்டது. விலை அதிகமான பாகம் மாறுகிறது. பொருத்தி முடித்து சாவியைத் திருப்பினால் புது மாட்யூலும் அதே குறியீட்டைக் காட்டுகிறது.

குறியீடு வந்திருக்கிறது என்றாலே மாட்யூல் விழித்திருக்கிறது, தன்னோடு இணைந்த சுற்றுகளைச் சோதிக்கிறது, எங்கோ ஒன்று சரியில்லை என்று கண்டுபிடித்திருக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அதைக் கழற்றிப் போடுவது, புகார் கொடுக்க வந்தவரையே பிடித்து உள்ளே வைப்பது மாதிரி. மாட்யூல் உண்மையிலேயே கெட்டுப்போவதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது எதை அளக்கிறது, எப்படி அளக்கிறது, எதை அதனால் அளக்கவே முடியாது என்பது தெரிந்தால்தான் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியும்.

பெரும்பாலான கார்களில் இந்த மாட்யூல் வண்டியின் நடுக்கோட்டில், கியர் லீவருக்கு அடியிலோ அதற்குச் சற்று முன்னாலோ, தரைத்தகட்டோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். கையடக்கமான பெட்டி. உள்ளே வேக மாற்றத்தை அளக்கும் நுண் சென்சார், முடிவெடுக்கும் மைக்ரோகண்ட்ரோலர், ஏர்பேக்குகளுக்கு மின்சாரம் செலுத்தும் டிரைவர் சிப், விபத்து விவரங்களைப் பதிந்து வைக்கும் நினைவகம் ஆகியவை இருக்கின்றன. மோதிய வேகத்தில் பேட்டரி வயர் அறுந்தாலும் வேலை நிற்கக்கூடாது என்பதற்காகப் பெரிய கெபாசிட்டர் ஒன்றும் உண்டு. பேட்டரியின் 12 வோல்ட்டை இரண்டு மடங்குக்கும் மேலாக உயர்த்தி அதில் சேர்த்து வைத்திருப்பார்கள்.

நேருக்கு நேர் மோதலில் ஏர்பேக் விரிய வேண்டுமா, வேண்டாமா என்ற முடிவை மாட்யூல் சுமார் 15 முதல் 30 மில்லி செகண்டுக்குள் எடுத்துவிடுகிறது. 50 மில்லி செகண்டை ஒட்டிப் பை முழுதாக விரிந்திருக்கும். கண் இமைக்கும் நேரம் இதைவிட நீளம். இவ்வளவு அவசரத்தில் எடுக்கிற முடிவு தவறாகிவிடக் கூடாது என்பதால் ஒரே சென்சாரின் பேச்சை நம்பி மாட்யூல் எதையும் செய்வதில்லை. உள்ளே இருக்கும் சென்சார், முன்பக்கத்திலும் கதவுத் தூண்களிலும் இருக்கும் சென்சார்கள் என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிலிருந்து ஒத்த சேதி வந்தால்தான் மின்சாரம் பாயும்.

இது எப்போதோ ஒருமுறை நடக்கிற வேலை. பல கார்களில் கடைசிவரை நடப்பதே இல்லை. மற்ற நேரமெல்லாம் மாட்யூலுக்கு ஒரே வேலைதான்: சோதித்துக்கொண்டே இருப்பது. சாவியைத் திருப்பியதும் விளக்கு சில நொடிகள் எரிந்து அணைவதைப் பார்த்திருப்பீர்கள். பல கார்களில் அது ஆறு நொடி போல. அந்த நேரத்தில் நினைவகம் சரியாக இருக்கிறதா, கெபாசிட்டர் சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்கிறது. நுண் சென்சாருக்குள் இருக்கும் மயிரிழை போன்ற சிலிக்கான் அமைப்பை மின்விசையால் தானே அசைத்துவிட்டு, எதிர்பார்த்த அளவுக்குச் சிக்னல் வருகிறதா என்றும் சரிபார்க்கிறது. இத்தனையும் தேறினால்தான் விளக்கு அணையும். ஆகவே சாவி போட்டதும் விளக்கு எரியவே இல்லை என்றால் அது நிம்மதிப்பட வேண்டிய விஷயம் அல்ல. விடாமல் எரிவதைவிட அதிகமாகச் சந்தேகப்பட வேண்டியது அதுதான். பழுதை மறைத்து விற்பதற்காக விளக்கையே பிடுங்கிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

இனி சுற்றுகளுக்கு வருவோம், பெரும்பாலான பழுதுகள் குடியிருக்கும் இடம் அதுதான்.

ஒவ்வொரு ஏர்பேக்கின் பின்னாலும், சீட் பெல்ட்டை இழுத்து இறுக்கும் பிரிடென்ஷனரிலும் ஸ்குயிப் என்று ஒரு சின்னத் தீமூட்டி இருக்கிறது. அதன் மின்தடை சுமார் 2 ஓம். மாட்யூலிலிருந்து இரண்டு வயர் அதற்குப் போகிறது, அவ்வளவுதான் சுற்று. இன்று பரவலாகப் பயன்படும் ஸ்குயிப்கள் 1.2 ஆம்பியர் மின்சாரம் 2 மில்லி செகண்ட் பாய்ந்தால் பற்றிக்கொள்ளும். மாட்யூல் சோதனைக்காக அனுப்புவது அதில் மிகச் சிறிய பங்கு, சில பத்து மில்லி ஆம்பியர். அந்த மெல்லிய மின்சாரத்தை வைத்து மின்தடையைக் கணக்கிட்டு, 2 ஓமுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அளவு இவ்வளவு சிறியதாக இருப்பதால்தான் சின்னக் குறைகூடப் பெரிய எச்சரிக்கையாகிறது. ஹெட்லைட் வயரில் ஓர் ஓம் கூடினால் வெளிச்சம் மங்கும், அவ்வளவுதான். ஏர்பேக் சுற்றில் கனெக்டர் முனையில் படிந்த அழுக்கு ஓரிரு ஓம் சேர்த்துவிட்டாலே விளக்கு எரிய வாய்ப்பிருக்கிறது. பல கார்களில் இந்தக் கனெக்டர்களின் முனைக்குத் தங்கமுலாம் பூசியிருப்பது பகட்டுக்காக அல்ல. உப்புத்தாளால் தேய்த்து ‘சுத்தம்’ செய்தால் அந்த முலாம் போய்விடும். இரண்டு மாதம் கழித்து அதே வண்டி அதே விளக்கோடு திரும்பி வரும்.

இந்தச் சுற்றுகளைப் பற்றி மாட்யூல் சொல்லக்கூடிய புகார்கள் நான்கு வகைக்குள் அடங்கும். மின்தடை அதிகம் அல்லது சுற்று திறந்திருக்கிறது என்றால் எங்கோ வயர் அறுந்திருக்கிறது, கழன்றிருக்கிறது, முனை தளர்ந்திருக்கிறது. மின்தடை குறைவு என்றால் இரண்டு வயரும் ஒன்றோடொன்று தொடுகின்றன. எர்த்தோடு ஷார்ட் என்றால் வயரின் தோல் உரிந்து பாடியைத் தொடுகிறது. பேட்டரியோடு ஷார்ட் என்றால் மின்சாரம் ஓடும் வேறொரு வயரோடு உராய்ந்திருக்கிறது, அல்லது யாரோ ஸ்பீக்கரோ அலாரமோ மாட்டும்போது ஏர்பேக்குக்குப் போகும், மஞ்சள் உறை போட்ட வயரில் கை வைத்திருக்கிறார்கள். ஸ்கேனர் ‘பி0001’ (B0001) என்று மட்டும் காட்டினால் அது டிரைவர் பக்க முன் ஏர்பேக்கின் முதல் நிலைச் சுற்று என்பதோடு நின்றுவிடும். இந்த நான்கில் எது என்பதைத் துணைக் குறியீட்டிலோ விளக்க வரியிலோ தேடிப் படிக்க வேண்டும். நோயின் பெயரே அங்கேதான் இருக்கிறது, அதைப் படிக்காமல் வேலையில் இறங்கக் கூடாது.

டிரைவர் ஏர்பேக்கில் ‘மின்தடை அதிகம்’ என்று வந்தால் முதலில் ஹாரனை அடித்துப் பாருங்கள். ஸ்டீயரிங்கில் இருக்கும் ஆடியோ பட்டன்களையும் அழுத்திப் பாருங்கள். அவையும் வேலை செய்யவில்லை, அல்லது ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது விட்டுவிட்டு வேலை செய்கின்றன என்றால், கிளாக் ஸ்பிரிங் மேல் சந்தேகம் வலுக்கும். சுழலும் ஸ்டீயரிங்குக்கும் அசையாத தண்டுக்கும் நடுவே சுருட்டி வைத்த தட்டையான நாடாக் கேபிள் அது. ஸ்டீயரிங் வேலைக்காகக் கழற்றியவர் அதை நடுவில் நிறுத்தாமல் மாட்டிவிட்டால், ஒரு பக்கம் முழுதாகத் திருப்பும்போது நாடா இழுபட்டுக் கிழியும். ஸ்டீயரிங்கைக் கழற்றி மாட்டிய சில நாளில் விளக்கு எரிய ஆரம்பித்தால், பழுது எங்கே என்று கிட்டத்தட்டத் தெரிந்துவிட்டது.

இன்னொரு வழக்கமான இடம் முன் சீட்டுக்கு அடியில். பக்க ஏர்பேக், பெல்ட் பக்கிள், அமர்ந்திருப்பவரை உணரும் சென்சார் எல்லாவற்றுக்குமான வயர்கள் அங்கே ஒன்றாகப் போகின்றன. சீட் முன்னும் பின்னும் நகர நகர அவை இழுபடுகின்றன. பின்னால் உட்கார்ந்தவரின் ஷூ இடிக்கிறது, வேக்குவம் குழாய் முட்டுகிறது, உருண்டுபோன தண்ணீர் பாட்டில் கனெக்டரில் சிக்குகிறது. டார்ச் அடித்து, சீட்டை முழுதாக முன்னே தள்ளி, கனெக்டரின் பூட்டு முழுதாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதற்குச் செலவே இல்லை. சீட்டை நகர்த்தும்போதெல்லாம் விளக்கு எரிந்து, பிறகு அணைகிறது என்று வண்டிக்காரர் சொன்னால் அந்த ஒரு வரியை ஸ்கேனரை விடவும் மேலாக நம்புவேன்.

‘மின்தடை குறைவு’ என்ற புகாரில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஏர்பேக் கனெக்டரைப் பிடுங்கினால், உள்ளே இருக்கும் சின்ன உலோகப் பட்டை ஒன்று தானாகவே இரண்டு முனைகளையும் இணைத்துவிடும். கையிலிருக்கும் நிலைமின்சாரம் ஸ்குயிப்பைப் பற்றவைத்துவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. கனெக்டரைத் திரும்ப முழுதாக அழுத்தினால் அந்தப் பட்டை விலகிவிடும். பாதி அழுத்தினால் முனைகள் சேர்ந்திருக்கும், பட்டை விலகியிருக்காது. மாட்யூலுக்கு 2 ஓமுக்குப் பதில் கிட்டத்தட்டப் பூஜ்ஜியம் தெரியும். வயர் ஷார்ட் என்று நினைத்து ஹார்னஸ் எனும் வயர்க் கட்டு முழுவதையும் பிரித்து மேய்வதற்கு முன், கனெக்டரைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்து, ‘டக்’ என்று பூட்டு விழும்வரை அழுத்துவது நல்லது.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இதில் சமரசமே கிடையாது. இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, அந்த மாடலின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் நேரம்வரை காத்திருந்த பிறகுதான் எந்த மஞ்சள் கனெக்டரிலும் கை வைக்கலாம். டொயோட்டா 90 நொடி என்கிறது, ஹோண்டா 3 நிமிடம் என்கிறது. கெபாசிட்டரில் சேர்ந்திருக்கும் மின்சாரம் வடிய அந்த நேரம் வேண்டும். அதைவிட முக்கியமாக, மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து ஏர்பேக்கின் முனைகளில் நேரடியாக வைக்கவே கூடாது. மீட்டர் மின்தடையை அளப்பது தன் பேட்டரியிலிருந்து மின்சாரம் அனுப்பித்தான். எந்த மீட்டர் எவ்வளவு அனுப்புகிறது என்று தெரியாமல் தீமூட்டியில் வைப்பது, முகத்துக்கு நேரே பையை வெடிக்க வைத்துப் பார்க்கும் சோதனை. கழற்றிய ஏர்பேக்கை மேஜையில் வைத்தால் அலங்கார மூடி மேலே பார்த்திருக்க வேண்டும். கவிழ்த்து வைத்து அது வெடித்தால் ஏர்பேக்கே ராக்கெட் மாதிரி கிளம்பும்.

அப்படியானால் எப்படி அளப்பது? ஏர்பேக்கைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் சோதனை லோடு ஒன்றை, அதாவது 2 ஓம் அளவுள்ள ரெசிஸ்டரை, மாட்ட வேண்டும். தயாரிப்பாளர்களே இதற்கென்று கருவி தருகிறார்கள். பேட்டரியை இணைத்து, குறியீட்டை அழித்து, மீண்டும் சோதித்தால் குறியீடு வரவில்லை என்றால் பழுது ஏர்பேக்கில் அல்லது அதன் கடைசிக் கனெக்டரில். வந்தால் பழுது அந்த இடத்திலிருந்து மாட்யூலை நோக்கிய பக்கம். அடுத்து கிளாக் ஸ்பிரிங்குக்கு முன்னால் லோடு மாட்ட வேண்டும், பிறகு ஹார்னஸின் அடுத்த இணைப்பில். இப்படி ஒவ்வொரு படியாக மாட்யூலை நோக்கி நகர்ந்தால், எந்த இரண்டு இணைப்புக்கு நடுவே பழுது என்பது தானாகப் பிடிபடும். விட்டுவிட்டு வரும் பழுதுக்கும் இதே லோடு உதவும். உண்மையான ஏர்பேக்குக்குப் பதிலாக லோடு இருக்கும்போது ஸ்கேனரில் மின்தடையின் நேரடி அளவைப் பார்த்தபடி ஹார்னஸை அசைக்கலாம். 2.2 என்று நிலையாக இருந்த எண் ஓர் இடத்தைத் தொட்டதும் 4, 7 என்று துள்ளினால் வேலை முடிந்தது.

இதே 2 ஓம் ரெசிஸ்டரை ஏர்பேக்கின் இடத்தில் நிரந்தரமாக மாட்டி விளக்கை அணைத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். மாட்யூலுக்கு வித்தியாசம் தெரியாது, எல்லாம் சரி என்று விளக்கை அணைத்துவிடும். விபத்தில் அது சரியான நேரத்தில் சரியான மின்சாரத்தை அனுப்பும், அது போய்ச் சேருவது ஒரு ரெசிஸ்டரில். அந்த வண்டியில் நாளைக்கு யார் உட்காருவார்கள் என்று தெரியாமல் செய்யப்படும் இந்த வேலையைப் பழுதுபார்ப்பு என்ற பெயரில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சுற்றுகள் எல்லாம் சரி. இப்போது மாட்யூலைச் சந்தேகிக்கலாமா? இன்னும் ஒரு படி இருக்கிறது: மின்சாரமும் எர்த்தும். ‘யு0151’ என்றால் மற்ற மாட்யூல்களுக்கு ஏர்பேக் மாட்யூலோடு பேச்சு நின்றுபோய்விட்டது. ஃபியூஸ், மாட்யூல் கனெக்டரில் வரும் வோல்டேஜ், எர்த், நெட்வொர்க் வயர் ஆகிய நான்கையும் பார்த்துத் தீர்க்காமல் மாட்யூல் செத்துவிட்டது என்று சொல்ல முடியாது. பலவீனமான பேட்டரி ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜைக் கீழே இழுத்து, குறைந்த வோல்டேஜ் குறியீட்டை விட்டுச் செல்வதும் சாதாரணம். எர்த் விஷயத்தில் பலருக்கும் தெரியாத ஒன்று, பல மாட்யூல்கள் தங்கள் போல்ட் வழியாகவும் பாடியோடு எர்த் ஆகின்றன. கார்ப்பெட்டை எடுத்தவர் போல்ட்டைத் தளர்வாக விட்டிருந்தால் அதுவே ஒரு பழுது.

இவற்றையும் தாண்டி வந்தால் மாட்யூலின் மேல் நியாயமாகவே சந்தேகப்படலாம். உட்புறப் பழுது என்று சொல்லும் குறியீடு, பல தயாரிப்புகளில் ‘பி1000’ (B1000), அழித்தாலும் சாவி போட்ட கணமே திரும்பி வரும். எல்லாச் சுற்றுகளிலும் லோடு மாட்டினாலும் போகாது. சீட்டை நகர்த்தினாலும் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் மாறாது. உட்புறப் பழுதின் குணம் இந்தப் பிடிவாதம்தான். காரணங்களில் முதலாவது தண்ணீர். மாட்யூல் உட்கார்ந்திருப்பது வண்டியின் தாழ்வான இடத்தில். ஏசியின் வடிகுழாய் அடைத்துக்கொண்டு கார்ப்பெட் நனைந்தாலும், கப் ஹோல்டரில் காபி கொட்டினாலும், வெள்ளத்தில் வண்டி நின்றாலும் ஈரம் அங்கேதான் போய்ச் சேரும். கனெக்டரைக் கழற்றியதும் பின்களில் பச்சை படிந்திருந்தால், காயவைத்துத் திரும்ப மாட்டுவதில் அர்த்தமில்லை. வறண்ட நாளில் மட்டும் வேலை செய்யும் அந்த சர்க்யூட் பலகையை நம்பி யாரையும் உட்கார வைக்க முடியாது.

இன்னொரு வகை, விபத்தில் ஏர்பேக் விரிந்த பிறகு வரும் பூட்டு. மாட்யூல் மோதல் விவரங்களை ஸ்கேனரால் அழிக்க முடியாதபடி பதிந்துகொண்டு நிற்கும். அது பழுதல்ல, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். மோதலுக்கு முந்தைய சில நொடிகளின் வேகம், பிரேக், பெல்ட் நிலை போன்றவற்றை எந்த வடிவில் பதிய வேண்டும் என்று அமெரிக்க விதி ஒன்று வகுத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் இந்தப் பதிவு கட்டாயம். மெமரியை வெளியே அழித்துக் கொடுக்கும் கடைகள் உண்டு. ஆனால் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் விரிந்த வண்டிக்கு மாட்யூலை மாற்றச் சொல்கிறார்கள். அந்த மோதலின் அதிர்ச்சியைப் பலகையும் வாங்கியிருக்கிறது என்பதால் நானும் அந்தப் பக்கம்தான்.

இதுவரை மாட்யூல் பார்க்கக்கூடியதைப் பேசினோம். அது பார்க்க முடியாதவையும் இருக்கின்றன, அவை உயிர்களையும் குடித்திருக்கின்றன. தகாட்டா நிறுவனத்தின் இன்ஃப்ளேட்டர்களில் (பையை ஊதி விரிக்கும் பாகம்) இருந்த அமோனியம் நைட்ரேட், வெப்பத்திலும் ஈரத்திலும் ஆண்டுக்கணக்கில் சிதைந்து, விரியும்போது உலோகச் சில்லுகளைச் சிதற அடித்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடியே 70 லட்சம் ஏர்பேக்குகள் திரும்பப் பெறும் பட்டியலில் வந்தன. அந்தக் கார்களில் விளக்கு எரியவில்லை. மாட்யூல் அளந்தது ஸ்குயிப்பின் 2 ஓமைத்தான். அதற்குப் பின்னால் இருந்த ரசாயனத்தை அளக்க அதற்கு வழியே இல்லை.

மாட்யூலே குற்றவாளியாக இருந்து விளக்கு பேசாமல் இருந்ததும் உண்டு. 2016-இல் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 43 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. மாட்யூலின் மென்பொருள் அரிதாக ஒரு சோதனை நிலைக்குள் போய்விடும், அந்த நேரத்தில் மோதல் நடந்தால் முன் ஏர்பேக் விரியாது என்பது காரணம். 2019-இல் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் இசட்எஃப்-டிஆர்டபிள்யூ தயாரித்த மாட்யூல்களைப் பற்றிய விசாரணையை 1 கோடியே 23 லட்சம் வண்டிகள்வரை விரித்தது. மோதலின்போது சென்சார் வயர்களில் எழும் மின் அதிர்வு உள்ளே இருக்கும் சிப்பைக் கெடுத்துவிடலாம் என்பது அங்கே சந்தேகம். டொயோட்டா 2020 ஜனவரியில் சுமார் 34 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தபோது செய்த தீர்வு, மாட்யூலுக்கும் ஹார்னஸுக்கும் நடுவே ஒரு வடிகட்டிச் சுற்றைச் சேர்ப்பது. அந்த மாட்யூல்கள் தினமும் காலையில் தங்கள் சோதனையில் தேறிக்கொண்டேதான் இருந்தன. ஆகவே ஸ்கேனரை எடுப்பதற்கு முன்போ பின்போ, சேசிஸ் எண்ணைப் போட்டுத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் திரும்ப அழைப்பு நிலுவையில் இருக்கிறதா என்று பார்ப்பதும் இந்தச் சோதனையின் ஒரு பகுதிதான்.

மாற்றுவது என்று முடிவானால் பாக எண் இலக்கத்துக்கு இலக்கம் ஒத்துப்போக வேண்டும். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் மாட்யூல் பார்க்க அதே பெட்டியாக, அதே கனெக்டரோடு இருக்கும். உள்ளே வேறு மாடலுக்கான மோதல் கணக்கு இருந்தால் விரிய வேண்டிய நேரமே மாறிப்போகும், விளக்கோ அழகாக அணைந்திருக்கும். எத்தனை ஏர்பேக், எந்தச் சென்சார் என்ற விவரங்களைப் புது மாட்யூலுக்கு ஸ்கேனர் வழியே சொல்லிக்கொடுக்கவும் வேண்டும். பெட்டியின் மேல் உள்ள அம்புக்குறி வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும், போல்ட்களை மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சில் இறுக்க வேண்டும். சென்சார் உள்ளேயே இருப்பதால் தளர்ந்த பெட்டி வேறொரு மோதலை உணரும். போல்ட் போடாமல் கையில் வைத்தபடி மின்சாரம் கொடுக்கவே கூடாது.

முதல்முறை சாவியைத் திருப்பும்போது வண்டிக்குள் யாரும் இருக்க வேண்டாம். பக்கவாட்டிலிருந்து கையை மட்டும் நீட்டிப் போட்டு, விளக்கு எரிந்து, உரிய நொடிகளில் அணைவதைப் பார்க்க வேண்டும். பிறகு ஸ்கேனரில் ஒவ்வொரு சுற்றின் மின்தடையையும் படித்து பில்லின் ஓரத்தில் எழுதிக் கொடுங்கள்: டிரைவர் 2.1, பயணி 2.2, இடது பக்கம் 2.0 என்று. அடுத்த சர்வீஸில் இடது பக்கம் 2.9 ஆகியிருந்தால், விளக்கு எரிவதற்கு முன்பே எந்தச் சீட்டுக்கு அடியில் டார்ச் அடிக்க வேண்டும் என்று அடுத்த மெக்கானிக்குக்குத் தெரிந்துவிடும்.